வீட்டில் கரண்டை அதிகம் செலவழிப்பது யார், பெரியவரா பிள்ளைகளா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டில் மூன்று தலைமுறை. அப்பாவுக்கு 74, உங்களுக்கு 46, மகளுக்கு 19. அப்பா எந்த அறையை விட்டு வந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வருகிறார். மகள் எந்நேரமும் லேப்டாப்பும் போனுமாக இருக்கிறாள். பில் வரும் நாளில் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அருமை தெரியவில்லை" என்று அவர் ஆரம்பிக்க, "பகல் முழுக்க வீட்டில் இருப்பது தாத்தாதானே" என்று அவள் திருப்பிக் கேட்க, நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். வயது ஏற ஏற மின்சாரச் செலவு குறையுமா, இல்லை பழைய தலைமுறையே சிக்கனமானதா என்று கேட்டிருக்கிறீர்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்பும் வேண்டும்.

நான் மின்பொறியியல் படித்தவன். 22 வருடமாக வீடு வீடாகப் போய் எது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து சொல்வதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: நீங்கள் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டீர்கள், இரண்டுக்கும் பதில் ஒன்றில்லை. வயதானால் மனிதன் மாறுகிறானா என்பது ஒன்று. 1950-களில் பிறந்தவர்கள் எந்த வயதிலும் ஒரு மாதிரி, 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள் எந்த வயதிலும் வேறு மாதிரியா என்பது இன்னொன்று. இன்றைக்கு ஒரு கணக்கெடுப்பு எடுத்து, 70 வயதுக்காரர் வீட்டில் இத்தனை யூனிட், 30 வயதுக்காரர் வீட்டில் அத்தனை யூனிட் என்று வைத்துக்கொண்டால், அந்த வித்தியாசம் 40 வருட வயதால் வந்ததா, 40 வருடம் முன்னால் பிறந்ததால் வந்ததா என்று அந்த எண்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. சரி, அதே 70 வயதுக்காரர் 30 வயதில் எப்படி இருந்தார் என்று பழைய பில்லைத் தேடி எடுக்கலாமே என்றால், அப்போது வீட்டில் இருந்த சாமான்களே வேறு. காலம் என்கிற மூன்றாவது முடிச்சு அங்கே வந்து விழுகிறது. நடப்பு ஆண்டில் பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. மூன்றில் இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானாக வந்துவிடும். அதனால்தான் மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்பது கணக்கு ரீதியாகவே முடியாமல் போகிறது. கூடுதலாக ஏதாவது ஒன்றை நாமாக எடுத்துக்கொண்டால்தான் பிரிக்க முடியும். "இந்தத் தலைமுறை இவ்வளவு செலவழிக்கிறது" என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் எதை எடுத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

இனி, உறுதியாகச் சொல்லக் கூடியதைச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் மின்சாரச் செலவு வாழ்க்கையின் கட்டத்தைப் பின்தொடர்கிறது. தனியாக இருக்கும்போது குறைவு, குழந்தை பிறந்ததும் ஏறும், பிள்ளைகள் பதின்வயதில் இருக்கும்போது உச்சிக்குப் போகும், அவர்கள் வீட்டை விட்டுப் போனதும் இறங்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வாஷிங் மெஷின் ஓய்வதில்லை. பதின்வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் வெந்நீர் செலவு கூடும், இரவு ஒரு மணிக்கும் ஒரு அறை விழித்திருக்கும். இதில் யாருடைய குணமும் இல்லை, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான். 2020-இல் ஊரடங்கு வந்தபோது இதை உலகம் முழுக்கப் பார்த்தோம். ஆட்கள் மாறவில்லை, வயதும் ஏறவில்லை, வீட்டில் இருக்கிற நேரம் மட்டும் கூடியது. வீட்டு மின்சாரச் செலவும் கூடவே ஏறியது. ஆகவே பகல் நேரத்தைப் பற்றி உங்கள் மகள் சொன்னதில் நியாயம் உண்டு. ஓய்வு பெற்றவர் பகலில் வீட்டில் இருப்பார், அந்த நேரத்துக்கு மின்விசிறியோ ஏசியோ ஹீட்டரோ டிவியோ ஓடத்தான் செய்யும். அதே ஆள் வேலைக்குப் போன காலத்தில் அந்தச் செலவு அலுவலகத்தின் கணக்கில் இருந்தது.

இன்னொன்றும் உறுதி. மொத்தச் செலவைப் பார்த்தால் பெரிய குடும்பம் முன்னால் நிற்கும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் தனியாக வாழ்கிறவர் முன்னால் நிற்பார். ஃபிரிட்ஜ் ஒருவருக்கும் ஓடும், ஐந்து பேருக்கும் ஓடும். ஹாலில் எரிகிற விளக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு எரிவதில்லை. அமெரிக்காவில் 1960-இல் நூற்றுக்கு 13 வீடுகள்தான் ஒற்றை ஆள் வீடுகள், 2020-இல் அது 28-ஐ நெருங்கிவிட்டது. ஜப்பானில் 2020 கணக்கெடுப்பில் 38. முதியவர்கள் தனியாக இருப்பதும், இளைஞர்கள் தனியாக வீடெடுப்பதும் இரண்டுமே இதற்குள் இருக்கின்றன. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கிற உங்கள் வீட்டில் தலைக்கு ஆகிற செலவு, நீங்கள் மூன்று பேரும் மூன்று வீட்டில் இருந்தால் ஆவதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். சண்டையைத் தொடங்கும் முன் இதை மூன்று பேரும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. 1970-களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற இடத்தில் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி கட்டிய வரிசை வீடுகளை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். சுவரும் ஜன்னலும் ஒன்று, வெளியே வானிலையும் ஒன்று. அப்படியும் வீட்டைச் சூடாக்க ஆன எரிபொருள் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் இரண்டு மடங்கு வரை வேறுபட்டது. பிறகு சில வீடுகளில் குடியிருந்தவர்கள் மாறினார்கள். புதிதாக வந்தவர்களின் செலவு, அதே வீட்டில் முன்பு இருந்தவர்களின் செலவை ஒட்டிப் போகவில்லை. அதாவது ஒரே வீட்டிலும் குடியிருக்கிறவர் மாறினால் கணக்கு மாறுகிறது. அது சூடாக்கும் எரிபொருள் பற்றிய அளவு, நேராக மின்சாரத்துக்கு ஒட்டவைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நான் அளந்த வீடுகளிலும் இதே கதைதான். ஒரே வயதுள்ள இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம், இரண்டு தலைமுறைகளின் சராசரிக்கு நடுவில் இருக்கிற வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம்.

சரி, அப்படியானால் தலைமுறை என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் எது கரண்டைத் தின்றதோ அதைத்தான் வாழ்நாள் முழுக்க மிச்சம் பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அப்பா சிறுவனாக இருந்தபோது விளக்கு என்றால் குண்டு பல்பு, 60 வாட். நான்கு அறையில் மாலை ஐந்து மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட் (ஒரு யூனிட் என்றால் 1000 வாட்-மணி). வீட்டில் வேறு பெரிய சாமான் எதுவும் இல்லாத காலத்தில் அதுதான் பில்லே. விளக்கை அணை என்று அவருக்குச் சொல்லித்தந்தவர்கள் சரியாகத்தான் சொல்லித்தந்தார்கள். இன்று அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. மறந்துபோய் இரவெல்லாம், எட்டு மணி நேரம், எரியவிட்டால் ஆவது 72 வாட்-மணி. 2000 வாட் கீசரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் கூடுதலாக ஓடவிட்டால் அதே செலவு ஆகிவிடும். பழக்கம் அப்படியே இருக்கிறது, அந்தப் பழக்கம் மிச்சப்படுத்துகிற அளவு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. எண்பதை நெருங்கிய ஒரு அம்மா, தனியாக இருந்தார். நான் உள்ளே போனபோது சாயங்காலம், ஹாலில் விளக்கில்லை, ஜன்னலோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு மிச்ச வெளிச்சத்தில் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு விளக்குதான் தம்பி போடுவேன், எங்கிருந்து இவ்வளவு பில் வருகிறது?" என்றார். பதில் சமையலறையில் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கணவர் இருந்தபோது ஆறு பேருக்காக வாங்கிய பெரிய ஃபிரிட்ஜ். கதவின் ரப்பரில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடினேன், இழுத்தபோது பிடிமானமே இல்லாமல் கையோடு வந்தது. பிளக்கில் மீட்டரை மாட்டி மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்தால் மூன்று யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தது. அவர் இருட்டில் உட்கார்ந்து மிச்சம் பிடித்தது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த நாற்காலியை இன்னும் மறக்க முடியவில்லை. அறுபது வயதில் நம் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான், கண்மணி சுருங்கிவிடுகிறது, வில்லை மஞ்சளாகிவிடுகிறது. அதிக வெளிச்சம் தேவைப்படுகிற வயதில்தான் அவர் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்களை விளக்குக்காகப் பாராட்டுவதை நான் அன்றோடு நிறுத்திக்கொண்டேன், போடச் சொல்கிறேன்.

பழைய ஃபிரிட்ஜ் அதிகம் இழுக்கும் என்பதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1970-களின் நடுவில் விற்ற புது ஃபிரிட்ஜ் சராசரியாக ஆண்டுக்கு 1,800 யூனிட் அளவில் இழுத்தது. தரவிதிகள் படிப்படியாக இறுகி, 2001 விதிக்குப் பிறகு 500 யூனிட் பக்கம் இறங்கிவிட்டது, பெட்டியின் கொள்ளளவு கூடியும். இப்படிப்பட்ட ஒரு சாமானை ஒருவர் இருபத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தால் அது சிக்கனக் குணம்தான், ஆனால் மீட்டரில் அது செலவாகத்தான் ஏறும். வயது என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு சாமானின் வயது, இன்னொரு பங்கு வீட்டின் வயது. பிள்ளைகள் போன பிறகும் பெரிய வீட்டில் இருவர் மட்டும் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

இப்போது உங்கள் மகளின் பக்கம். போனை வைத்து அவளைக் குற்றம் சொல்ல முடியாது. 5000 எம்ஏஎச் பேட்டரியை வெறுமையிலிருந்து முழுதாக ஏற்றினாலும், சார்ஜரில் வீணாவதைச் சேர்த்து, 25 வாட்-மணி பக்கம்தான். தினமும் ஏற்றினால் வருடத்துக்கு ஒன்பது யூனிட். லேப்டாப் சுமார் 40 வாட், பத்து மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். பயமுறுத்துகிற சாமான் வேறு: விளையாட்டுக்காக வாங்கிய டெஸ்க்டாப். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் விளையாடும்போது 400 வாட் சாதாரணம். தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 48 யூனிட். அவளிடம் அது இல்லையென்றால் திரை நேரத்தைப் பற்றிப் பேசலாம், மின்சாரத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. இளைய தலைமுறைக்கும் தன் காலத்துத் தப்புக்கணக்கு உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. சும்மா மாட்டியிருக்கும் சார்ஜரைப் பிடுங்குவதில் அவர்கள் காட்டுகிற அக்கறையை வெந்நீரில் காட்டுவதில்லை. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க அரை யூனிட்டுக்கு மேல் ஆகும், அதாவது இருபது போன் சார்ஜ். எல்லா வயதினரும் இப்படித் தவறுகிறார்கள் என்பதற்கு அளவீடே இருக்கிறது. அமெரிக்காவில் ஷாசீன் அத்தாரியும் உடன் ஆய்வாளர்களும் 505 பேரிடம் கேட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் பல்வேறு சாதனங்களின் மின்செலவைச் சராசரியாக 2.8 மடங்கு குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். பெரிய சாமான்களில்தான் இந்தப் பிழை அதிகம்.

எங்கே தலைமுறையின் கை உண்மையாகத் தெரிகிறது என்றால், எந்த வெப்பநிலையை 'சாதாரணம்' என்று மனது எடுத்துக்கொள்கிறது என்பதில். ஏசியோடு வளர்ந்த பிள்ளைக்கு 20 டிகிரி இயல்பு, விசிறியோடு வளர்ந்தவருக்கு 27-ஏ சுகம். வெளியே 35 என்றால் 20-க்கு வைத்த அறைக்கும் வெளிக்கும் வித்தியாசம் 15, 27-க்கு வைத்த அறைக்கு 8. சுவர் வழியாக உள்ளே வருகிற வெப்பம் இந்த வித்தியாசத்தின் விகிதத்தில்தான் வரும், ஆக ஏறக்குறைய இரட்டிப்பு வேலை. ஆயிரம் விளக்குப் பேச்சையும் இந்த ஒரு ரிமோட் அடித்துவிடும். உங்கள் வீட்டில் ஏசி இருந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது இதை மட்டும்தான்.

ஆனால் இங்கேயே ஒரு எச்சரிக்கை, இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமானது. பெரியவர் 27-இல் சுகமாக இருக்கிறேன் என்று சொல்வதில் பழக்கம் பாதி, உடல் பாதி. வயதாக ஆக உடலில் உண்டாகும் வெப்பம் குறைகிறது, வியர்ப்பது குறைகிறது, தாகம் மந்தமாகிறது. சூட்டையும் குளிரையும் உணர்கிற கூர்மையும் மழுங்குகிறது. சிக்கனம் என்று நாம் நினைப்பது சில சமயம் உணராமல் இருப்பதுதான். 2003 கோடையில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் வழக்கத்தைவிட அதிகமாக இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். குளிரிலும் இதே கதை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது, வயதானவர்களுக்கு அதற்கும் மேல் தேவைப்படலாம். பில்லைக் காட்டி அப்பாவின் அறையில் குளிரூட்டலையோ சூட்டையோ ஒருபோதும் குறைக்க வைக்காதீர்கள். அவர் தானாகக் குறைத்தாலும் விடாதீர்கள். மருத்துவச் சாதனம் இருக்கிற வீடென்றால் கணக்கே வேறு. நிமிடத்துக்கு 5 லிட்டர் தருகிற ஆக்சிஜன் கருவி சுமார் 300 வாட், நாள் முழுக்க ஓடினால் ஏழு யூனிட்டுக்கு மேல். அதைச் செலவு என்று கணக்குப் பார்ப்பதே தவறு.

இனி சந்தேகமானவை. இளையவர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை அதிகம், அதனால் குறைவாகச் செலவழிப்பார்கள் என்று சொல்வதை நான் நம்பத் தயங்குகிறேன். அக்கறை இருக்கலாம், ஆனால் கேள்வித்தாளில் சொல்கிற அக்கறைக்கும் மீட்டரில் ஓடுகிற எண்ணுக்கும் தொடர்பு பலவீனம் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பார்த்தது. தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள் ஆயுள் முழுக்கச் சிக்கனமாக இருப்பார்கள் என்பதும் அப்படித்தான். கேட்க நியாயமாக இருக்கிறது, நானும் பல வீடுகளில் அதைப் பார்த்ததாக உணர்கிறேன். ஆனால் வருமானம், வீட்டின் அளவு, வீட்டில் இருக்கும் நேரம் எல்லாவற்றையும் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. ஒரே குடும்பங்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த பதிவுகள் அரிது. அதனால் ஒரே ஆண்டில் பிறந்தவர்களின் சராசரியை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எடுத்துக் கோர்க்கிற வழி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 1985-இல் வகுத்துக் கொடுத்தது. அது நல்ல வழி, ஆனால் நான் முன்னே சொன்ன மூன்று முடிச்சை அதுவும் முழுதாக அவிழ்ப்பதில்லை. என் அனுபவத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பில் அதிகம் என்று கவலைப்பட்டவர்கள்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவலையே படாதவர்களின் வீட்டுக்குள் நான் போனதில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஏசியும் ஹீட்டரும் ஓடாத ஒரு நாளில், மகளைக் கூட்டிக்கொண்டு மீட்டரருகே போங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, அதை 60,000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் அந்த நொடியில் வீடு இழுக்கிற வாட். எட்டு முறை மின்னினால் 150 வாட். அது அப்படியே நீடித்தால் யாரும் ஒரு சுவிட்சையும் தொடாமலே மாதம் 108 யூனிட். ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்கும் என்பதால் அரை மணி இடைவெளியில் நான்கைந்து முறை எண்ணுங்கள். அப்புறம் அந்த 150 எங்கே போகிறது என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், ரிமோட்டில் மட்டும் அணைத்து ஸ்டாண்ட்பையில் கிடக்கும் டிவி. வருடம் முழுக்க ஓடுகிற ஒரு வாட் 8.76 யூனிட் ஆகும். அந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் ஸ்டாண்ட்பை செலவை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஆலன் மையர் 1990-களின் கடைசியில் வலியுறுத்தத் தொடங்கினார். மறுநாள் அப்பாவை நாற்காலி போட்டு மீட்டரருகே உட்காரவைத்து அவரையே எண்ணச் சொல்லுங்கள், மகள் உள்ளேயிருந்து முதலில் ஹால் விளக்கைப் போடட்டும், பிறகு கீசரை. விளக்குக்கு மின்னல் வேகம் மாறியதே அவருக்குத் தெரியாது. கீசர் போட்டதும் நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு முறை மின்னும், எண்ணிக்கையை விட்டுவிட்டு அவர் உள்ளே திரும்பிப் பார்ப்பார்.